நிலா மணிக்கு ஒரு ஜோடி

"அணைடீ அந்த நெருப்பை!"

கத்தல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கண்ணாடி மணி செய்கிற மணிக்காரி திரும்பவில்லை. திரும்பினால் போச்சு.

கேஸ் டார்ச்சின் நீல நாக்குக்கு மேலே, கம்பியின் நுனியில், கோலிக்குண்டு அளவுக்கு உருகிய கண்ணாடி தேன் மாதிரி தளும்பிக்கொண்டிருந்தது. கம்பியைச் சுழற்றும் விரல்கள் ஒரு கணம் நின்றால் அது ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். அப்படியே வெளியே எடுத்து மேஜையில் வைத்தாலோ, 'டிக்'கென்று இரண்டாகப் பிளந்துவிடும்.

"அண்ணி, கொஞ்சம் பொறுங்க! வெள்ளி இப்பதான் ஒட்டுது!"

"அந்த வெள்ளிதான்டீ என் வயித்துல புளியைக் கரைக்குது! இங்க வந்து பாரு. டி.வி.யில செய்தி வாசிக்கிறவரோட முன்பல்லு. பச்சையா வந்து நிக்குது!"

"பச்சைன்னா... எந்தப் பச்சை?"

"பாசிப் பச்சை! அவர் வாயைத் திறந்தா ஊரே வானிலை அறிக்கைன்னு நினைச்சுக்கும்!"

மணிக்காரிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் கை ஆடும். கை ஆடினால் மணி போகும். இந்த மணி போனால் எல்லாமே போகும்.

இன்று சாயங்காலத்துக்குள் அவள் ஒரு மணி செய்தாக வேண்டும். ஒரே ஒரு மணி. அதுவும் ஏற்கெனவே அவள் செய்து முடித்த ஒரு மணிக்கு அச்சு அசலான ஜோடி. சொந்தக் கைவேலையை இன்னொரு முறை செய்வதில் என்ன கஷ்டம் என்று யாரும் கேட்கலாம். கஷ்டம் இதுதான்: முதல் மணியை எப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த அறை ஒரு விசித்திரம். நீளமான ஒரே ஹால். நடுவில் ஒரு பீரோ. பீரோவுக்கு இந்தப் பக்கம் மணிக்காரியின் டார்ச், கண்ணாடிக் குச்சிகள், வெள்ளித் தாள், தாமிரக் கம்பி. அந்தப் பக்கம் அவள் 'அண்ணி' என்று கூப்பிடும் நாத்தனாரின் மேஜை. கணவனின் அக்காவான அவள் தொழில்முறையில் பல் செய்கிறவள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் பீங்கான் தூளைக் குழைத்து, பூசி, சுட்டு, நிஜப் பல்லே வெட்கப்படும்படி பல் செய்து அனுப்புவாள். அவள் மேஜையில் வரிசையாகத் தாடைகள் சிரித்துக்கொண்டிருக்கும். முதல் முறை வருகிற விருந்தாளிகள் இரண்டாம் முறை வருவதில்லை.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது உலை மட்டும்தான். நாத்தனாரின் பல் சுடும் உலை. கண்ணாடி மணி நெருப்பிலிருந்து நேராகக் காற்றுக்கு வரக்கூடாது. சூட்டோடு உலைக்குள் போய், அங்கேயே மெல்ல மெல்ல ஆற வேண்டும். தனி உலை வைக்க மணிக்காரிக்கு வசதியில்லை. "பல்லு சுடாத நேரத்துல வச்சுக்கோ" என்று நாத்தனார் இடம் கொடுத்திருந்தாள். கூடவே சொற்பொழிவும் கொடுப்பாள்.

"உருட்டு உருட்டுன்னு உருட்டி என்னடீ ஆகப்போகுது? குழந்தைங்க விளையாட்டு. ஒரு பல்லு செஞ்சா ஒரு மனுஷன் கடிப்பான். ஒரு மணி செஞ்சா யாரு கடிப்பா?"

மணிக்காரி கம்பியை உருட்டிக்கொண்டேயிருப்பாள். அண்ணியிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் கிடையாது. அவள் கணவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். எந்த லிஃப்ட்டுக்குள்ளே மாட்டிக்கொண்டாலும் பயப்பட மாட்டான்; அக்காவும் மனைவியும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால் மட்டும் படி வழியாக இறங்கி ஓடிவிடுவான்.

இப்போது வெள்ளித் தாள் கண்ணாடியில் ஒட்டிவிட்டது. மணிக்காரி மேலே தெளிந்த கண்ணாடியை ஒரு போர்வை மாதிரி சுற்றினாள். இதுதான் கண்டம். நீலக் கண்ணாடிக்கும் தெளிந்த கண்ணாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட வெள்ளி, சூட்டைத் தாங்கி வெள்ளையாகவே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. அவள் கண்ணெதிரிலேயே வெள்ளி கிழிந்தது, பொடிப்பொடியாகச் சிதறியது, ஓரங்களில் மஞ்சள் ஏறியது. தேநீர் சிந்திய சட்டை மாதிரி ஆகிவிட்டது மணி.

"போச்சு," என்றாள்.

"போகட்டும்," என்றது பீரோவின் அந்தப் பக்கம். "இனிமே வெள்ளி பட்ட மணி ஒண்ணுகூட என் உலைக்குள்ள போகக்கூடாது. உள்ளே வெள்ளி ஆவி தங்கிடுது. அடுத்து சுடுற பல்லெல்லாம் பச்சை. செய்தி வாசிக்கிறவர் ஆபீஸ்லேருந்து மூணாவது போன் வந்தாச்சு."

"வெள்ளி இல்லாம எப்படி அண்ணி அந்த மணியைச் செய்யறது?"

அந்தப் பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. "ஏன், வெள்ளியை விட்டா உலகத்துல வெள்ளையா ஒண்ணுமே கிடையாதா?"

குத்தல் பேச்சு என்று மணிக்காரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிக்கல் ஆரம்பித்தது சென்ற வாரம்.

அன்று காலை அவள் ஒரு வரிசை நீல மணிகளை வெள்ளித் தாள் போட்டுச் செய்து, சூட்டோடு உலைக்குள் அடுக்கிவிட்டு, கண்ணாடிக் குச்சி வாங்கக் கணவனோடு கிளம்பினாள். உலைக்குள் போகிற மணிக்கு நிறம் கிடையாது. எல்லாமே தணல் துண்டு மாதிரி ஆரஞ்சாகத்தான் இருக்கும். எது நீலம், எது பச்சை, எது பாழாய்ப் போனது என்பதெல்லாம் ஆறின பிறகுதான் தெரியும். எத்தனை உள்ளே போட்டோம் என்று எண்ணி வைக்கும் பழக்கமும் அவளுக்கு இல்லை.

திரும்பி வந்தபோது நாத்தனார் உலையைக் காலி செய்திருந்தாள்.

"என் பல்லுக்கு இடம் வேணும்னு எடுத்துட்டேன். நல்லா ஆறிடுச்சு, பயப்படாதே. கம்பியிலேருந்து கழட்டி, கழுவி, கிண்ணத்துல போட்டிருக்கேன்."

அவ்வளவு உபகாரம் நாத்தனாரிடமிருந்து வருவதே அதிசயம். மணிக்காரி கிண்ணத்தில் கையை விட்டாள். வழக்கமான மஞ்சள் பொட்டு நீல மணிகள். அவற்றுக்கு நடுவில் ஒன்று. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஆழ்ந்த நீலத்துக்குள் ஒரு வெள்ளைப் பட்டை. கிழியாமல், கறுக்காமல், மஞ்சள் பாயாமல். திருப்பினால் பட்டையின் மேல் ஒளி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஏதோ ஒரு துண்டு நிலாவைப் பிடித்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது மாதிரி.

"அண்ணி! பாருங்க அண்ணி! நான் செஞ்சதைப் பாருங்க!"

நாத்தனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. வந்தவள் கடைக்காரம்மா. கடைத்தெரு முனையில் நகைகளும் கைவேலைப் பொருட்களும் விற்கிற கடை அவளுடையது. எப்போதாவது வந்து நாலு மணியைப் பொறுக்கி எடுத்துப் போவாள். அன்று அவள் வேறெதையும் பார்க்கவேயில்லை.

"இது... நீங்க செஞ்சதா?"

"நான்தான்," என்றாள் மணிக்காரி, காதுவரை சிரித்துக்கொண்டு.

நாத்தனார் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

கடைக்காரம்மா அங்கேயே அந்த மணியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு நிபந்தனை வைத்தாள். "என் கடை முகப்புல கண்ணாடி அலமாரி ஒண்ணு காலியாகுது. தெருவுல போறவங்க எல்லாரும் நின்னு பார்க்கிற இடம். மெஷின் மணி விக்கிறவர் ஒருத்தர் அதைக் கேட்டு நச்சரிக்கிறார். உங்களுக்கே தரலாம்னு இருக்கேன். ஆனா இது குருட்டாம்போக்குல வந்த ஒண்ணா, இல்லை உங்க கை இப்படித்தானான்னு எனக்குத் தெரியணும். அடுத்த வாரம் இதே நாள், இதுக்கு ஒரு ஜோடி செஞ்சு வைங்க. சாயங்காலம் வந்து பார்க்கிறேன்."

அந்த அலமாரி கிடைத்தால் மணிக்காரி மணிக்காரியாகவே இருக்கலாம். கிடைக்காவிட்டால், போன் பேசுகிற ஆபீஸில் அவள் விட்டு வந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது. காதில் ஹெட்போன் மாட்டி, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று நாளெல்லாம் பொய் சொல்கிற நாற்காலி. அலமாரி கை நழுவினால் அங்கேயே திரும்பிப் போகிறேன் என்று கணவனிடம் அவளே வாயை விட்டிருந்தாள்.

ஒரு வாரம். அவள் செய்யாத சோதனை இல்லை.

தங்கத் தாள் போட்டாள். நெருப்பு அதை முழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடவில்லை. தாமிரக் கம்பி சுற்றினாள். செங்கல் நிறத்தில் நன்றாகத்தான் இருந்தது; ஆனால் நிலா இல்லை. சமையல்கட்டு அலுமினியத் தாளைப் போட்டாள். அது சாம்பலாகச் சுருண்டு, கண்ணாடிக்குள் செத்த ஈ மாதிரி உட்கார்ந்துகொண்டது.

கணவன் தன் பங்குக்கு லிஃப்ட் கயிற்றிலிருந்து ஒரு எஃகு இழையைக் கொண்டுவந்து கொடுத்தான். "ஆயிரம் கிலோ தாங்கும்!" என்று பெருமை வேறு. சுற்றிப் பார்த்தாள். உலையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்ததும் 'டிக்'. மணி இரண்டு துண்டு.

"ஆயிரம் கிலோ தாங்கும். ஒரு மணியைத் தாங்காது," என்றாள்.

"அது லிஃப்ட்டுக்கான இழை," என்றான் அவன் அசடு வழிய. "தப்பு என் மேல இல்ல."

இதற்கு நடுவில் இன்னொரு தொல்லை. நாத்தனாரின் தட்டையான தகர டப்பா ஒன்று தினமும் காலையில் மணிக்காரியின் மேஜையில், கண்ணாடிக் குச்சிகளுக்குப் பக்கத்தில் கிடக்கும். தினமும் அவள் அதை எடுத்துக்கொண்டு பீரோவுக்கு அந்தப் பக்கம் போவாள்.

"அண்ணி, உங்க டப்பா."

"ஓ. அங்க இருந்துச்சா?"

மறுநாள் காலை மறுபடி அது இங்கேதான் இருக்கும்.

"அண்ணி, மறதி ஜாஸ்தியாயிட்டே போகுது உங்களுக்கு."

"ஆமாம்டீ. எனக்குத்தான் மறதி," என்று நாத்தனார் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். அவள் கையிலிருந்த தாடைகூடப் பல்லை நறநறவென்று கடிப்பது போல் இருக்கும்.

இப்போது இந்த வாரத்தின் கடைசி மணியும் பாழ். உலையில் வெள்ளிக்குத் தடை. மணிக்காரி டார்ச்சை அணைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தாள். வாசல் மணி அடித்தது.

"சாயங்காலம்தானே வரேன்னு சொன்னாங்க?" என்றபடி எழுந்தாள்.

கதவைத் திறந்தாள். கடைக்காரம்மாவேதான். கழுத்தில் நிலா மணி.

"மெஷின் மணிக்காரர் இன்னிக்கே முடிவு சொல்லுன்னு கடையிலேயே வந்து உட்கார்ந்திருக்கார். அதான் முன்னாடியே வந்துட்டேன். ஜோடி ரெடியா?"

மேஜையில் மஞ்சள் பூத்த மணிகள் வரிசையாகக் கிடந்தன. மறைக்க நேரமில்லை. கடைக்காரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்து, மெல்லக் கீழே வைத்தாள்.

"ஒரு தடவை அதைக் கழட்டிக் குடுங்களேன்," என்றாள் மணிக்காரி. "பக்கத்துல வச்சுப் பார்த்தா பிடிபட்டுடும்."

செய்த அன்று கடைக்காரம்மா சரியாக அதைப் பார்க்கக்கூட விடாமல் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாளே! மணிக்காரி பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். வெள்ளைப் பட்டை பெரிதாகி அருகில் வந்தது. நீலத்தைச் சுற்றி ஒரு வளையம். அந்த வளையம் தொடங்குகிற இடமும் முடிகிற இடமும் சந்திக்கும் கோட்டில்...

மடிப்பு.

துணிக்கு ஓரம் அடிப்பது மாதிரி, இரண்டு விளிம்புகளையும் ஒன்றோடொன்று கோத்து, மடக்கி, அழுத்தித் தேய்த்த மெல்லிய மடிப்பு. வெள்ளித் தாளில் இப்படி மடிக்கவே முடியாது. மூச்சுப் பட்டாலே அது கிழியும்.

இந்த மடிப்பை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். தினமும் பார்த்திருக்கிறாள்.

பூதக்கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டு அவள் பீரோவைச் சுற்றி ஓடினாள். நாத்தனார் குனிந்து ஏதோ ஒரு கடைவாய்ப் பல்லுக்குப் பீங்கான் பூசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அடுத்த பல்லுக்கான அச்சு. அச்சின் மேல், பீங்கான் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, தலைக்குத் தொப்பி மாட்டியது மாதிரி ஒரு வெள்ளைத் தகடு. தகட்டின் ஓரத்தில் அதே மடிப்பு.

"அண்ணி, இது என்ன?"

"இதா? பிளாட்டினத் தகடு. பல்லைச் சுட்ட பிறகு உள்ளேருந்து உரிச்சுப் போட்டுடுவேன்."

"நெருப்புல கறுக்குமா?"

"என் உலை நெருப்பே அதை ஒண்ணும் பண்ணாது. உன் டார்ச்சு எம்மாத்திரம்?"

"கிழியுமா? உருகுமா? கண்ணாடிக்குள்ள வச்சா வெடிக்குமா?"

"கண்ணாடியும் அதுவும் சூட்டுல கிட்டத்தட்ட ஒண்ணாவே விரியும், ஒண்ணாவே சுருங்கும். புருஷன் பொண்டாட்டி மாதிரி. நல்ல புருஷன் பொண்டாட்டி மாதிரி," என்று நாத்தனார் திருத்திக்கொண்டாள். "உன் வெள்ளிக்கு இருக்கிற பச்சைப் பல்லு வியாதியும் அதுக்குக் கிடையாது. உலையில ஆவியே விடாது."

மணிக்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அப்ப அன்னிக்கு நீங்க உரிச்சுப் போட்ட துண்டு ஒண்ணு பறந்து வந்து என் வெள்ளித் தாளோட கலந்திருக்கு! நானும் வெள்ளின்னு நினைச்சு மணியில சுத்தியிருக்கேன்!"

"அப்படித்தான் இருக்கும்," என்றாள் நாத்தனார். கொஞ்சம் அவசரமாகவே சொன்னாள்.

"எங்க அண்ணி வச்சிருக்கீங்க அந்தத் தகட்டை?"

நாத்தனார் விரலை நீட்டினாள். விரல் பீரோவைத் தாண்டி மணிக்காரியின் மேஜையைக் காட்டியது. கண்ணாடிக் குச்சிகளுக்குப் பக்கத்தில், தட்டையான அந்தத் தகர டப்பா.

"அய்யய்யோ," என்றாள் மணிக்காரி. "தினமும் நானே கொண்டுவந்து குடுத்தேனே!"

"ஆமாம். எனக்குத்தான் மறதி."

கடைக்காரம்மா பீரோ ஓரமாக வந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மேஜை மேலிருந்த தாடைகளைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனாள். "என்ன நடக்குதுன்னு யாராவது எனக்குச் சொல்வீங்களா?"

"உட்காருங்க. ஜோடி உங்க கண்ணு முன்னாடியே பிறக்கப்போகுது," என்றாள் மணிக்காரி.

டார்ச் மறுபடி சீறியது. நீல நாக்கு நீண்டது. பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனார் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். டப்பாவைத் திறந்தாள். வெங்காயத் தோலைவிட மெல்லிய தகடு. நறுக்கினாள், ஒரு குச்சியின் மேல் சுற்றினாள், இடுக்கியால் விளிம்புகளைக் கோத்து மடித்தாள், எலும்புக் கரண்டியால் தேய்த்தாள். கண் இமைக்கிற நேரத்தில் ஒரு குட்டி வளையம்.

"இந்த அளவு போதுமா?"

"இன்னும் ஒரு நூல் பெருசா அண்ணி. கண்ணாடி சூட்டுல உப்பியிருக்கும்."

"உத்தரவு மகாராணி."

கம்பி நுனியில் நீலக் கண்ணாடி உருண்டது. மணிக்காரி அதை உலோகப் பலகை மேல் உருட்டிப் பீப்பாய் வடிவமாக்கினாள். "இப்ப!" என்றாள். நாத்தனார் இடுக்கியில் வளையத்தைப் பிடித்து, கம்பி நுனி வழியாக நுழைத்து, நேராகக் கண்ணாடியின் இடுப்பில் கொண்டுபோய் விட்டாள். ஒரு பிசகில்லை. பல் செய்கிற கை.

"அழுத்துங்க, அழுத்துங்க, காத்து உள்ள போகக்கூடாது..."

"எனக்கே பாடமா? சுத்துடீ. கை நிக்கக்கூடாது!"

தெளிந்த கண்ணாடி உருகி மேலே வழிந்தது. மணிக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கிழியப்போகிறது, மஞ்சள் ஏறப்போகிறது என்று அவள் கண் காத்திருந்தது. ஏறவில்லை. தகடு வெடுக்கென்று ஒருமுறை மின்னிவிட்டு, போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு எல்லாமே ஆரஞ்சாகிவிட்டது. இனி உலை திறக்கும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது.

உலைக் கதவு மூடியது. காத்திருப்பு.

மெஷின் மணிக்காரரிடமிருந்து கடைக்காரம்மாவுக்குப் போன் மேல் போன். "வந்துட்டே இருக்கேன்," என்று அவள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே சொன்னாள். சிரித்தபோது கையால் வாயை மூடிக்கொண்டாள். நாத்தனார் பாய்ந்தாள்.

"கையை எடுங்க. முன்பல்லு உடைஞ்சிருக்கா? எந்தப் புண்ணியவான் கட்டினது இது? சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கே!"

"அண்ணி, அவங்க கஸ்டமர்!"

"உனக்குக் கஸ்டமர். எனக்குப் பல்லு."

கணவன் வேலை முடிந்து வந்து, மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் பேசுவதைப் பார்த்து, செருப்பைக் கழற்றாமலே திரும்பப் பார்த்தான். "எங்க ஓடறே? வந்து நில்லுடா," என்று அக்கா அதட்டினாள். நின்றான்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கி எதிர்ச் சுவரில் ஏறியபோது உலை ஆறியிருந்தது. நாத்தனார் கதவில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்தாள்.

"நீயே திற."

மணிக்காரி திறந்தாள். கம்பியை எடுத்தாள். மணியைத் தண்ணீரில் நனைத்து, திருகிக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தாள்.

நீலம். நீலத்துக்குள் வெள்ளை. வெள்ளையின் மேல் ஒளி வழுக்கிக்கொண்டு ஓடியது.

கணவன் கைதட்டினான். கடைக்காரம்மா வாயை மூட மறந்து சிரித்தாள். மணிக்காரி அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்ததில் மேஜையிலிருந்து ஒரு தாடை கீழே விழுந்து, சிரித்தபடியே உருண்டது.

"அலமாரி உங்களுக்குத்தான்," என்றாள் கடைக்காரம்மா. "என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டிட்டீங்க. இனி எனக்கு என்ன சந்தேகம்? மெஷின் மணிக்காரரை நான் பார்த்துக்கிறேன். அலமாரியில ஒரு பேர்ப் பலகை வைக்கணும். யார் பேர் எழுதட்டும்?"

"என் பேர்தான்! வேற யாரு?" என்றாள் மணிக்காரி. நாத்தனார் திடீரென்று உலையைத் துடைக்க ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்த உலையை.

"இருங்க, ரெண்டையும் ஒண்ணாக் கோத்துப் பார்க்கிறேன்." கடைக்காரம்மா பையிலிருந்து ஒரு கம்பித் துண்டை எடுத்தாள். காதில் தொங்கவிடுவதற்கு என்று கொண்டுவந்தது. புது மணியை நுழைத்தாள். சரசரவென்று இறங்கியது. பழைய மணியை நுழைத்தாள். நுழையவில்லை. திருப்பி நுழைத்தாள். ஊஹூம்.

"என்னங்க இது? இதோட துளை ரொம்பச் சின்னதா இருக்கே! என் சங்கிலி மெல்லிசு, அதனால தெரியலை."

"இருக்காதே," என்றாள் மணிக்காரி. "என் கம்பி எல்லாம் ஒரே கனம். ஒரே கட்டா வாங்கினது. துளை எப்படி மாறும்?"

வாங்கிப் பார்த்தாள். உண்மைதான். பாதித் துளைகூட இல்லை. அதுமட்டுமா? துளையின் இரண்டு வாயும் வழவழவென்று ராவப்பட்டிருந்தன. மணிக்காரி எந்த மணிக்கும் அப்படி ராவியதில்லை. அவளிடம் அதற்கான ஆயுதமே கிடையாது. பல் ராவுகிறவர்களிடம்தான் உண்டு.

அவள் கண் மெல்ல நகர்ந்தது. பீரோவுக்கு அந்தப் பக்கம். நாத்தனாரின் மேஜை. ஆயுதங்கள் குத்தி வைத்த டம்ளர். மெழுகு செதுக்கும் மெல்லிய ஊசிகள் நடுவே ஒன்று மட்டும் கறுத்திருந்தது. நெருப்பில் வாட்டியது போல. நுனியில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. மணிக்காரிக்கு அது தெரியாதா? கண்ணாடி ஒட்டாமலிருக்க அவள் தன் கம்பிகளில் பூசுகிற அதே களிமண்.

போய் அதை எடுத்தாள். நிலா மணியை அதன் நுனியில் வைத்தாள். அளவெடுத்துச் செய்தது போல மணி வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

உலையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றுவிட்டது.

"கிண்ணத்துல கழட்டிப் போட்டிருக்கேன், கழுவிப் போட்டிருக்கேன்னு அன்னிக்கு அவ்வளவு உபகாரமாப் பேசினப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்," என்றாள் மணிக்காரி. "அண்ணி. நான் கண்ணாடிக் குச்சி வாங்கப் போனப்ப, இந்த டார்ச்சுக்கு முன்னாடி உட்கார்ந்தது யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அண்ணி."

நாத்தனார் துணியை உதறினாள். மடித்தாள். மறுபடி பிரித்தாள். தம்பியைப் பார்த்தாள், அவன் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றான். கடைக்காரம்மாவைப் பார்த்தாள். கடைசியில் மணிக்காரியைப் பார்த்தாள். பச்சைப் பல்லுக்குப் பதில் சொல்லும்போதுகூட அவள் முகம் இவ்வளவு சிவந்ததில்லை.

"உன் வெள்ளித் தொல்லை தாங்கலைடீ. வேற ஏதாவது போட்டா என் பல்லு பிழைக்குமான்னு பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். உன் கம்பியைத் தொட்டா நீ கண்டுபிடிச்சுடுவே, அதான் என் ஊசி. மணி நல்லா வந்ததும் சொல்லத்தான் இருந்தேன். நீ கிண்ணத்துல கையை விட்டே, குதிச்சே, இவங்களும் அந்த நேரம் பார்த்து வந்தாங்க. குதிக்கிறவளைப் பிடிச்சு உட்கார வைக்க எனக்கு மனசு வரலை."

"அப்ப இந்த முதல் மணி..." என்று கடைக்காரம்மா இழுத்தாள். 

"குழந்தைங்க விளையாட்டுன்னு சொல்வியே, நீயா அக்கா?" என்றான் தம்பி.

"பேர்ப் பலகையில ரெண்டு பேர் எழுத இடம் இருக்கும் இல்ல?" என்றாள் மணிக்காரி, அண்ணியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

நாத்தனார் துணியை மேஜையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எழுதறதுன்னா என் பேரைக் கொஞ்சம் மேலயே எழுதச் சொல்லு. அந்த நிலாவைச் செஞ்சது நான்தான்."